ஒரு கன மீட்டர் என்ன விலை? உம்கேனி, உம்கொமாஸி அணைக் கணக்கை வாசிக்கும் முறை

டர்பனின் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ குழாய் வறண்டு, டேங்கருக்காக வாளிகள் வரிசை கட்டி நிற்கும்போதெல்லாம் ஒரே பேச்சுதான் எழும்: இன்னொரு அணை கட்டினால் என்ன? அந்த இன்னொரு அணை காகிதத்தில் எப்போதோ கட்டியாகிவிட்டது. உம்கொமாஸி ஆற்றின் குறுக்கே ஸ்மித்ஃபீல்டில் 81 மீட்டர் உயர அணை, கொள்ளளவு 25.1 கோடி கன மீட்டர். அங்கிருந்து சுமார் 33 கிலோமீட்டர் சுரங்கம் மலையைக் குடைந்து பேன்ஸ்ஃபீல்ட் பள்ளத்தாக்குக்கு வரும். அங்கே நாளொன்றுக்கு 50 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையம். ஆண்டுக்கு உறுதியாகக் கிடைக்கும் தண்ணீர் 22 கோடி கன மீட்டர்.

இது வேண்டும் என்பவர்கள் நகரத்தின் தாகத்தைச் சொல்கிறார்கள். வேண்டாம் என்பவர்கள் பெரிய அணை எதுவும் இன்னும் குறுக்கே வராத ஓர் ஆற்றைச் சொல்கிறார்கள். இரண்டும் நியாயம்தான். ஆனால் இரண்டு தரப்பும் மொத்தச் செலவையே பார்த்துக்கொண்டிருக்கிறது. இத்தனை ஆயிரம் கோடி ராண்ட் என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. அதை எத்தனை கன மீட்டரால் வகுக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சுற்றுச்சூழல் கேடும் பெரும்பாலும் அந்த வகுக்கும் எண்ணுக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

முதலில் கொள்ளளவு வேறு, உறுதி நீர் வேறு. உம்கேனி ஆற்றின் மிட்மார் அணையின் கொள்ளளவைச் சொல்லி ‘இவ்வளவு தண்ணீர் இருக்கிறதே’ என்பது வங்கி இருப்பைச் சம்பளம் என்று எண்ணுவது மாதிரி. பல ஆண்டு மழை, ஆற்றோட்டப் பதிவுகளைக் கணினியில் ஓட்டி, மோசமான வறட்சியிலும் ஆண்டுதோறும் எவ்வளவு எடுக்கலாம் என்று பார்ப்பதுதான் உறுதி நீர். 98 சதவீத உறுதி என்றால் ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை தட்டுப்பாடு வரலாம். 99 என்றால் நூறு ஆண்டுக்கு ஒருமுறை. மூய் ஆற்றின் மேல் ஸ்பிரிங் குரோவ் அணை 2013இல் வந்தபோது அதன் கொள்ளளவு 13.95 கோடி கன மீட்டர். டர்பனுக்குத் தண்ணீர் தரும் உம்கேனி அணைகளின் அமைப்பு முழுவதற்கும் அது சேர்த்த உறுதி நீரோ ஆண்டுக்கு 6 கோடிதான்: 33.4 கோடி 39.4 கோடி ஆனது. அணையின் அளவுக்கும் பலனுக்கும் உள்ள இடைவெளி இதுதான். 98, 99 என்ற இரண்டு உறுதிகளில் சொல்லப்பட்ட எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது அறிக்கைகளில் அடிக்கடி காணும் கோளாறு. பார்த்தவுடன் பென்சிலால் வட்டம் போடுங்கள்.

தென்னாப்பிரிக்க நீர்த்துறையின் திட்ட அறிக்கைகளில் யூ.ஆர்.வி. (ஒரு கன மீட்டருக்கான ஒப்பீட்டு விலை) என்று ஓர் எண் வரும். கட்டுமானம், இயக்கம், பராமரிப்பு எல்லாச் செலவையும் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று குறைத்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, கிடைக்கப்போகும் தண்ணீரையும் அதே விகிதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, முதலாவதை இரண்டாவதால் வகுப்பது. விகிதம் பொதுவாக 6, 8, 10 சதவீதம் என மூன்று வைத்துக் காட்டுவார்கள். தண்ணீரை எதற்கு இப்படிக் குறைத்து மதிப்பிட வேண்டும் என்று கேட்கலாம். இருபது ஆண்டு கழித்து வரும் தண்ணீருக்கான பில்லும் இருபது ஆண்டு கழித்துத்தான் வரும். கடனுக்கு வட்டி இன்றே ஓடத் தொடங்கிவிடும். அவ்வளவுதான்.

ஒரு கற்பனை அணையை எடுத்துக் கணக்குப் போடுவோம். எண்கள் எந்த உண்மைத் திட்டத்தின் எண்களும் அல்ல. கட்டச் செலவு 1,000 கோடி ராண்ட், ஐந்து ஆண்டில் ஆண்டுக்கு 200 கோடி. ஆறாம் ஆண்டிலிருந்து நாற்பது ஆண்டுக்கு இயக்கச் செலவு ஆண்டுக்கு 10 கோடி. உறுதி நீர் ஆண்டுக்கு 20 கோடி கன மீட்டர். விகிதம் 8 சதவீதம். செலவின் இன்றைய மதிப்பு: கட்டுமானம் 798.5 கோடி, இயக்கம் 81.2 கோடி, ஆக 879.7 கோடி. அணை திறந்த அன்றே 20 கோடி கன மீட்டரும் விற்றுத் தீரும் என்று வைத்தால் தண்ணீரின் இன்றைய மதிப்பு 162.3 கோடி கன மீட்டர். வகுத்தால் கன மீட்டருக்கு 5.42 ராண்ட். அழகான எண்.

ஆனால் எந்த ஊரும் ஒரே நாளில் 20 கோடி கன மீட்டர் குடித்துவிடாது. தேவை ஆண்டுக்கு ஒரு கோடி கன மீட்டர் வீதம் ஏறி, அணை திறந்த இருபதாவது ஆண்டில்தான் அதை முழுதாகப் பயன்படுத்துகிறது என்று வையுங்கள். தண்ணீரின் இன்றைய மதிப்பு 82.4 கோடியாகப் பாதியாகிறது. செலவு அதேதான். விலை 10.68 ராண்ட். அதே அணை, அதே ஆறு, தேவை ஏறும் வேகம் மட்டும் மாறியதில் விலை இரட்டிப்பு. விகிதத்தை 6 ஆக்கினால் 7.51, 10 ஆக்கினால் 14.78. எனவே ஓர் அறிக்கை கையில் கிடைத்தால் முதலில் புரட்ட வேண்டியது தேவை வளர்ச்சி அட்டவணையைத்தான். அங்கே கோடு செங்குத்தாக ஏறினால் விலை மலிவாகத் தெரியும்.

அடுத்தது செலவு ஏறுவது. உலக அணைகள் ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் நம் ஸ்டேங்கரில் பிறந்த கதர் அஸ்மால். 1994 முதல் 1999 வரை இந்நாட்டின் நீர்த்துறை அமைச்சர். 2000 நவம்பரில் வெளிவந்த அந்த ஆணையத்தின் அறிக்கை, ஆய்ந்த பெரிய அணைகளின் செலவு மதிப்பீட்டைவிடச் சராசரியாக 56 சதவீதம் கூடியதாகச் சொன்னது. நம் கற்பனை அணையில் கட்டுமானத்துக்கு மட்டும் இந்த 56ஐச் சேர்த்தால் 10.68 ராண்ட் 16.11 ஆகிறது. ஏன் கூடுகிறது? தோண்டிய பிறகுதான் பாறையின் குணம் தெரியும். கடன் ஒப்பந்தம் இழுத்தால் விலைவாசி ஏறும். நில எடுப்பு வழக்குக்குப் போகும். நீண்ட சுரங்கத்தில் இன்னொன்றும் உண்டு: குடையும் இயந்திரம் உடைந்த பாறை அடுக்கிலோ நீர் பீறிடும் பிளவிலோ மாட்டிக்கொண்டால் வேலை வாரக்கணக்கில் நிற்கும், கூலியும் வட்டியும் நிற்காது.

இப்போது அணைக்குப் போட்டியாகக் கசிவை வைத்துப் பார்ப்போம். டர்பன் மாநகரம் வாங்கும் தண்ணீரில் பாதிக்கும் மேல் காசாக மாறுவதில்லை. 2023ஆம் ஆண்டு நீர்த்துறை அறிக்கையில் நாட்டுச் சராசரி 47.4 சதவீதம். இந்த எண்ணை அப்படியே ‘பாதித் தண்ணீர் மண்ணுக்குள் போகிறது’ என்று சொல்வது தவறு. இதில் குழாய் வெடிப்பும் கசிவும் உண்டு. மீட்டர் இல்லாத இணைப்பு, பழுதான மீட்டர், திருட்டு இணைப்பு ஆகியவையும் உண்டு. பின்னவற்றைச் சரிசெய்தால் வருமானம் கூடும். ஆனால் அந்தத் தண்ணீரை யாரோ குடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆற்றில் எடுக்கும் அளவு பெரிதாகக் குறையாது. அணைக்குப் பதிலாகக் கணக்கில் வைக்கத் தகுந்தது மெய்யான கசிவு மட்டுமே.

அதைப் பிரித்தறிய எளிய வழி இரவு ஓட்டம். ஒரு பகுதிக்கு ஒரே நுழைவு வைத்து, மற்ற வால்வுகளை இறுக அடைத்து, அதிகாலை 2 முதல் 4 மணி வரை மீட்டரைப் பாருங்கள். ஊர் தூங்கும் நேரத்தில் ஓடுவதில் பெரும்பகுதி கசிவு. அடைத்ததாக நினைத்த எல்லை வால்வு ஒன்று கசிந்தாலும் இந்தக் கணக்கு முழுவதும் பாழ்; அதனால் அளப்பதற்கு முன் நுழைவை அடைத்து, அழுத்தம் பூஜ்ஜியத்துக்கு இறங்குகிறதா என்று சோதிக்க வேண்டும். பிறகு அழுத்தம் குறைக்கும் வால்வு. பழைய குழாய்கள் கலந்த வலையில் கசிவு ஏறத்தாழ அழுத்தத்தின் விகிதத்திலேயே ஏறி இறங்கும்; இரவில் 6 பார் அழுத்தத்தை 4 ஆக்கினால் கசிவு மூன்றில் ஒரு பங்கு போகும். கேப் டவுனின் காயெலிட்ஷாவில் 2001இல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தியதில் ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் கன மீட்டர் மிஞ்சியது. டர்பன் மாதிரி மேடும் பள்ளமுமான ஊரில் பள்ளத்துக் குழாய்கள் மேட்டு வீட்டுக்காகவே உயர் அழுத்தம் சுமக்கின்றன. இங்கே வால்வுக்கு வேலை அதிகம்.

இதற்கும் கற்பனைக் கணக்கு: ஐந்து ஆண்டில் 200 கோடி ராண்ட். இரண்டாம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு 8 கோடி பராமரிப்பு. மிச்சம் படிப்படியாக ஏறி ஆறாம் ஆண்டில் 4 கோடி கன மீட்டர். அதே 8 சதவீதத்தில் செலவின் இன்றைய மதிப்பு 249 கோடி, விலை கன மீட்டருக்கு 6.50. இதற்கும் நேர்மையாக அந்த 56 சதவீதத்தைச் சேர்த்தால் 8.83. அணையின் 16.11 பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்னொன்றும் இருக்கிறது. தேவை ஆண்டுக்கு ஒரு கோடி ஏறுகிறது, 4 கோடி மிச்சமாகிறது என்றால் அணையை நான்கு ஆண்டு தள்ளிப்போடலாம். 879.7 கோடியை நான்கு ஆண்டு தள்ளினால் இன்றைய மதிப்பில் 233 கோடி மிச்சம். கசிவுத் திட்டத்தின் மொத்தச் செலவையே ஏறக்குறைய அது ஈடுகட்டிவிடும். அந்த நான்கு ஆண்டும் ஆறு ஆறாகவே ஓடும். அது எந்த அட்டவணையிலும் வராத லாபம்.

ஆனால் அந்த 8 கோடிப் பராமரிப்பை யாராவது வெட்டினால் கதை முடிந்தது. அழுத்த வால்வின் சல்லடை அடைத்துக்கொள்ளும், உள்ளிருக்கும் ரப்பர் சவ்வு கிழியும், பிறகு வால்வு திறந்தபடியே நிற்கும். சில ஆண்டுகளில் கசிவு பழைய அளவுக்குத் திரும்பும். அணைக்குத் திறப்பு விழாக் கல்வெட்டு உண்டு, வால்வுக்குக் கிடையாது. கசிவுத் திட்டங்கள் தோற்கும் இடம் பெரும்பாலும் இங்கேதான். இதனால்தான் மலிவாக இருந்தும் கசிவுத் தடுப்பை மட்டும் நம்பி ஒரு நகரத்தை நடத்த முடியாது என்று திட்டமிடுபவர்கள் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது.

ஆற்றின் பங்கு

1998ஆம் ஆண்டு தேசிய நீர்ச் சட்டம் யாருக்கும் உரிமம் கொடுக்கும் முன்பே இரண்டு பங்கை ஒதுக்கி வைக்கச் சொல்கிறது: மனிதரின் அடிப்படைத் தேவைக்கு ஒன்று, ஆற்றின் உயிருக்கு ஒன்று. இரண்டும் சேர்ந்ததுதான் ‘ரிசர்வ்’. ஆற்றின் பங்கு போகத்தான் உறுதி நீர். நல்ல அறிக்கையில் இதைக் கழித்தபின்தான் எண் இருக்கும். முன்னோட்டச் சுருக்கங்களில் கழிக்காத எண்ணும் உலவுகிறது. உறுதி நீரில் 15 சதவீதம் ஆற்றுக்குப் போகும் என்றால் நம் கற்பனை அணையின் 16.11 ராண்ட் 18.95 ஆகும். 5.42இல் தொடங்கிய பயணம் இது.

ரிசர்வ் எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும். மேசையில் உட்கார்ந்து வட்டார வளைகோட்டை வைத்து எடுக்கும் விரைவு மதிப்பீடும் உண்டு. ஆற்றில் இறங்கி, குறுக்குவெட்டு அளந்து, மீன், பூச்சி, கரைச்செடி எல்லாம் பார்த்து எடுக்கும் முழு மதிப்பீடும் உண்டு. பெரிய அணைக்கு முதலாவது போதாது. ஆற்றின் நிலைக்கு ஏ முதல் எஃப் வரை எழுத்து தருவார்கள். இ, எஃப் இரண்டும் ஏற்கத் தகாதவை. ‘சி நிலையில் வைத்திருப்போம்’ என்று அறிக்கை சொன்னால் அந்த சி எந்த இடத்துக்கு என்று தேடுங்கள். அணைக்கு நேர் கீழே ஒன்று, கழிமுகத்தில் ஒன்று என்று இரண்டும் வேண்டும்.

ஆண்டுக்கு இத்தனை கன மீட்டர் விட்டால் போதும் என்று நினைப்பதுதான் பொதுவான தவறு. ஆற்றுக்கு மொத்த அளவைவிட ஓட்டத்தின் ஏற்ற இறக்கம் முக்கியம்: குளிர்காலத்தில் மெல்லிய ஓட்டம், முதல் மழைக்குச் சின்ன வெள்ளம், இங்கே மழைக்காலமான கோடையில் பெரிய வெள்ளம். சின்ன வெள்ளம் வராவிட்டால் கல்லிடுக்கில் சேறு படியும், மீன் முட்டையிட இடம் போகும். பெரிய வெள்ளம் வராவிட்டால் கழிமுகத்தின் மணல் திட்டு உடையாது. இதெல்லாம் கடைசியில் ஒரு குழாயின் விட்டத்தில் வந்து நிற்கும். அணையின் அடிமதகு நொடிக்கு 5 கன மீட்டர்தான் விடும் என்றால், 40 கன மீட்டர் வெள்ளம் தேவை என்று நிபுணர் எழுதிய பக்கம் வெறும் காகிதம். தென்னாப்பிரிக்காவுக்குத் தண்ணீர் அனுப்பும் லெசோத்தோ மலைத் திட்டத்தில் இதை நன்றாகக் காணலாம். 1986 ஒப்பந்தம் காட்சே அணையிலிருந்து நொடிக்கு 500 லிட்டர், மொஹாலே அணையிலிருந்து 300 லிட்டர் கீழே விட்டால் போதும் என்றது. 185 மீட்டர் உயரக் காட்சே எழுந்தபிறகுதான் ஆற்றுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்ற விரிவான ஆய்வு வந்தது. விடும் அளவைக் கூட்ட வேண்டியதாயிற்று. கட்டி முடித்த அணையில் மதகைப் பெரிதாக்குவது எவ்வளவு பாடு என்பது பொறியாளர்களுக்குத் தெரியும்.

எந்த ஆழத்திலிருந்து எடுக்கிறார்கள் என்பதும் ஆற்றைப் பாதிக்கும். கோடையில் ஆழமான நீர்த்தேக்கத்தின் அடியில் குளிர்ந்த, ஆக்சிஜன் இல்லாத, இரும்பும் மாங்கனீசும் கரைந்த தண்ணீர் நிற்கும். அதை மட்டுமே திறந்துவிட்டால் கீழே பல கிலோமீட்டருக்கு மீன் அடங்கிப்போகும். இதற்குப் பல மட்ட வாய்கள் கொண்ட கோபுரம் வேண்டும். ‘செலவு மிச்சம்’ என்று முதலில் வெட்டப்படுவதும் இதுவே.

வண்டலை எடுத்துக்கொண்டால், வெருலத்துக்கும் டொங்காட்டுக்கும் தண்ணீர் தரும் ஹேசல்மியர் அணை நம் கண்ணெதிரே இருக்கிறது. உம்ட்லோட்டி ஆற்றின் செம்மண் வெள்ளம் கொண்டுவந்து கொட்டும் இடம் அது. கலிங்கின் (மிகைநீர் வழியும் மதிலின்) விளிம்பைப் பியானோ கட்டைகள்போல மடித்து மடித்துக் கட்டி, கொள்ளளவை 1.78 கோடியிலிருந்து 3.61 கோடி கன மீட்டராக உயர்த்தும் வேலை அங்கே எடுக்கப்பட்டது. விளிம்பு மடிந்து நீளும்போது அதே வெள்ளம் குறைந்த உயரத்தில் வழிந்துவிடும்; அதனால் நீர்மட்டத்தை உயர்த்தியே வைக்கலாம். புது ஆறு எதையும் தொடாமல் பழைய அணையிலேயே இரண்டு மடங்கு. யோசனை அருமை, வேலையோ ஆண்டுக்கணக்கில் இழுத்தது, செலவும் ஏறியது. பழைய அணையை உயர்த்துவது புது அணையைவிட எளிது என்று யாரும் எண்ண வேண்டாம். பழைய கான்கிரீட்டைப் பாறையோடு இறுக்கிப் பிடிக்கும் எஃகு நங்கூரங்களில் தொடங்கி எல்லாவற்றையும் தண்ணீர் நிற்கும்போதே செய்ய வேண்டும்.

அணையில் தங்கும் மணல் கீழே வராது. பசித்த ஆறு கீழே படுகையை அரிக்கும், பாலத்தூண் அடி தெரியும். உம்கேனியின் மணல் குறைவதற்கு அணைகளோடு மணல் அள்ளுவதும் சேர்ந்துகொள்கிறது. டர்பன் கடற்கரைக்கு வந்து சேர வேண்டிய மணலில் அதன் விளைவு தெரிகிறது. அணையின் செலவுப் பட்டியலில் கடற்கரை எங்கும் இருக்காது.

தண்ணீரின் தரம் பற்றிச் சுருக்கமாக. உம்கேனியின் இனாண்டா அணைக்கு மேலே உம்சுண்டுஸி (டூஸி) ஆறு வந்து சேர்கிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் கழிவுநீரும் அதோடு வருகிறது. படகுப் பந்தயக்காரர்கள் ‘டூஸி கட்ஸ்’ (டூஸி வயிற்றுக்கோளாறு) என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொல்வதற்கும், இனாண்டாவில் ஆகாயத்தாமரை விரிவதற்கும் காரணம் ஒன்றே. பாஸ்பரஸ் நிறைந்த தேக்கத்தில் பாசி, பாசியால் சுத்திகரிப்புச் செலவு. மேல்நிலத்துக் கழிவுநீர் நிலையத்தைச் சீர்செய்வது கீழ்நிலத்து நீர்த்திட்டத்தின் செலவுதான். வேறு துறை என்று தள்ளினால் கணக்கு பொய்யாகும்.

அணை வெள்ளத்தைத் தடுக்கும் என்ற நம்பிக்கையும் இங்கே ஆழமானது. 1917 அக்டோபர் வெள்ளத்தில் உம்கேனி கரைத் தோட்டங்களிலிருந்து 176 பேரைப் படகில் மீட்ட படவட்டான் அறுவரை நாம் மறக்கவில்லை. ஆனால் குடிநீர் அணை எப்போதும் நிறைந்திருக்க வேண்டும்; வெள்ள அணை காலியாக இருக்க வேண்டும். நிறைந்த அணைக்கு வெள்ளம் வந்தால் பெரும்பகுதி அப்படியே வழியும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட்டின் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, ஊர் மாதக்கணக்கில் டேங்கரை நம்பி இருந்தது. ஆற்றிலும் அணையிலும் தண்ணீருக்குக் குறைவில்லை. குழாயும் நிலையமும்தான் இல்லை.

இடம்பெயர்வோர் செலவு எப்போதும் குறைத்தே மதிப்பிடப்படும். இனாண்டா அணை 1989இல் வந்தது. அங்கிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்களின் இழப்பீட்டுக் கோரிக்கை பல பத்தாண்டு நீண்டது. வீட்டுக்கு விலை போடுவார்கள். மேய்ச்சல் நிலம், ஆற்றங்கரைத் தோட்டம், பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கும் தூரம் இவற்றுக்குப் போட மாட்டார்கள். கல்லறைகள் இன்னொரு கணக்கு: முறையான இடுகாட்டுக்கு வெளியே 60 ஆண்டுக்கு மேற்பட்ட கல்லறையைப் பெயர்க்க 1999ஆம் ஆண்டு மரபுச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும், குடும்பத்தோடு பேச வேண்டும், சடங்குச் செலவும் தர வேண்டும். காலக்கெடுவில் இதற்கு ஓர் ஆண்டாவது ஒதுக்காத திட்டம் அங்கேயே முட்டிக்கொள்ளும்.

சுரங்கம் குடைந்த பாறையை எங்கே கொட்டுவார்கள்? 33 கிலோமீட்டர் நீளம், உள்விட்டம் 3.5 மீட்டர் என்றால் உள்வெளி மட்டும் 3.17 லட்சம் கன மீட்டர். பூச்சுக்காகத் தோண்டுவது அதைவிட அதிகம், உடைந்த பாறை ஒன்றரை மடங்காவது பருக்கும். ஆக ஐந்து லட்சம் கன மீட்டருக்குக் குறையாத கல்மேடு. ஓடைக் கரையில் கொட்டினால் அடுத்த மழையில் சேறாக ஆற்றில் இறங்கும். கொட்டும் இடத்தின் வரைபடம் சுற்றுச்சூழல் அறிக்கையில் இருக்கிறதா, அல்லது ‘ஒப்பந்ததாரர் பின்னர் முடிவு செய்வார்’ என்று இருக்கிறதா?

இத்தனைக்குப் பிறகும் உம்கொமாஸித் திட்டத்துக்கு ஒரு பெரிய பலம் உண்டு: தண்ணீர் சுரங்கத்தில் தன் எடையாலேயே இறங்கி வரும். ஒரு கன மீட்டரை 100 மீட்டர் ஏற்ற, 75 சதவீதத் திறனுள்ள பம்புக்கு 0.36 யூனிட் மின்சாரம் வேண்டும். கடல்நீரைக் குடிநீராக்க மூன்று, நான்கு யூனிட் வேண்டும். மின்வெட்டைப் பார்த்த நாட்டில் இதை லேசாக எண்ண முடியாது. கழிவுநீரைத் திருப்பிப் பயன்படுத்துவது டர்பனுக்குப் புதிதல்ல. 2001இல் தெற்கு நிலையத்தில் நாளொன்றுக்கு 4.75 கோடி லிட்டர் திறனில் தொழிற்சாலைகளுக்கென ஆலை வந்தது. ஆனால் அந்த அளவு பத்துக்கும் மேல் சேர்ந்தால்தான் பேன்ஸ்ஃபீல்ட் நிலையத்துக்கு ஈடு. அணை ஒருநாள் தேவைப்படும் என்றே எங்களுக்கும் படுகிறது. எந்த ஆண்டில், எவ்வளவு பெரிய மதகோடு, கசிவை எந்த அளவுக்கு இறக்கிய பிறகு என்பதில்தான் சண்டை போட இடம் இருக்கிறது.

சண்டை போடவும் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஐந்து மீட்டர் உயரமோ பத்து ஹெக்டேர் நீர்ப்பரப்போ தாண்டும் அணைக்கு முழுச் சுற்றுச்சூழல் மதிப்பீடு கட்டாயம். வரைவு அறிக்கை வந்ததும் கருத்துச் சொல்ல 30 நாள். முன்கூட்டியே ‘ஆர்வமுள்ள, பாதிக்கப்படும் தரப்பு’ என்று பெயர் பதிந்தால் அறிக்கை உங்களைத் தேடி வரும்; பதியாதவருக்குக் கோயில் பலகையிலோ செய்தித்தாள் மூலையிலோதான் தெரியவரும். ‘எதிர்க்கிறோம்’ என்று ஒரு வரி எழுதினால் ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று பதில் வரும், முடிந்தது. பக்க எண்ணோடு கேளுங்கள்: தேவை அட்டவணை எந்த ஆண்டு மக்கள்தொகையை வைத்துப் போடப்பட்டது, கசிவு குறைந்தால் அணையின் ஆண்டு எங்கே நகர்கிறது, ரிசர்வ் கழித்த உறுதி நீர் எவ்வளவு, எந்த உறுதியில், அடிமதகு நொடிக்கு எத்தனை கன மீட்டர் விடும், ரிசர்வ் கேட்கும் பெரிய வெள்ளம் எவ்வளவு, ஐம்பது ஆண்டு வண்டலுக்கு எவ்வளவு இடம், செலவு பாதி கூடினால் ஒரு கிலோலிட்டருக்கு (ஒரு கன மீட்டருக்கு) வீட்டு பில்லில் எத்தனை ராண்ட் ஏறும், மாதம் 6 கிலோலிட்டர் இலவசத் தண்ணீர் பெறும் குடும்பத்தின் பங்கை யார் சுமப்பார்கள். எண் கேட்ட கேள்வியை ஒரு வரியில் தட்டிக்கழிப்பது கடினம். அந்தப் பதில் இறுதி அறிக்கையின் பின்னிணைப்பில் உங்கள் கேள்வியோடு சேர்ந்து அச்சாகும், மேல்முறையீட்டில் அதுதான் கையில் இருக்கும் ஆவணம்.